இரத்தத்தில் அலரி

உப்பில்லாத சோற்றைப் பார்த்தாலே குணலட்சுமிக்கு அழுகை வந்தது. அவளுக்கு ஏழாம் மாதம். கிளினிக்கில் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, "பிரஷர் ஏறியிருக்குப் பிள்ளை, உப்பைக் குறைக்கவேணும்" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மாமியார் நல்லம்மா குசினியில் அவளுக்கென்று ஒரு சட்டி வேறாக வைத்தாள். அந்தச் சட்டிக்குள் விழுந்தது கத்தரிக்காயோ, பூசணிக்காயோ, எல்லாம் ஒரே சுவைதான். அதைச் சுவை என்று சொல்லவும் கூடாது.

உப்பைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது வேறொன்று. முதற் பிள்ளைப்பேற்றுக்கு அவள் கொடிகாமத்துக்கு, தாயிடம் போகவேண்டும். அதற்கு விடமாட்டோம் என்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் சீதன வீட்டுக்கு வந்து இருப்பதுதான் வழக்கம். குணலட்சுமியின் சீதன வீடு கொடிகாமத்தில் சுவர் எழும்பி, கூரை மரமும் ஏறி, ஓடு மட்டும் போடாமல் நின்றது. எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடியில் கொழும்பில் கலவரம் வந்தபோது, அங்கே கடை வைத்திருந்த அவளுடைய தமையன் கட்டின உடுப்போடு கப்பலில் வந்து இறங்கினான். ஓட்டுக்கு வைத்திருந்த காசெல்லாம் அவன் குடும்பத்துக்குப் போயிற்று. அதனால் குணலட்சுமிதான் புருசன் கதிரவேலுவின் வீட்டுக்கு, புத்தூருக்கு வந்தாள். ஓடு போடுமட்டும்தான் என்பது பேச்சு. அவளுடைய தாய் பத்மாவதிக்கு அது பெரிய வெட்கமாய்ப் போயிற்று. "வீட்டை முடிச்சுக் குடுக்காமல் சம்பந்தி வீட்டுப் படலையைத் திறக்கமாட்டன்" என்று சொன்ன மனுசி, சொன்னபடியே ஒருநாளும் வரவில்லை. கொடிகாமச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகிற கதிரவேலுவின் கையில் மாங்காய்ப் பை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"சொன்னால் கேளும்" என்றான் கதிரவேலு ஒருநாள். "கொடிகாமத்துக்கும் ஆசுபத்திரிக்கும் இடையிலை கிடக்கிற பாலத்தடியிலை ஆமிக்காரர் மறிச்சால் எப்ப விடுவாங்கள் எண்டு தெரியாது. உமக்கு வயித்துக்குத்து வாற நேரத்திலை அவங்களோடை நிண்டு என்னத்தைக் கதைக்கிறது?"

"அப்ப கொடிகாமத்திலை ஒருத்தரும் பிள்ளை பெறேல்லையே? எல்லாரும் பாலத்துக்கு இஞ்சாலை வந்தே பெறுகினம்?"

"அவைக்குப் பிரஷர் இல்லை. உமக்கு இருக்கு."

"எனக்குப் பிரஷர் வந்ததே உங்கடை வீட்டாலைதான்."

குசினிக்குள்ளிருந்து நல்லம்மாவின் குரல் வந்தது. "நல்லாயிருக்கு! உப்பைக் குறைச்சதும் நான், பிரஷரைக் கூட்டினதும் நான்!"

அந்தக் கோபத்தில் குணலட்சுமி ஒரு வசனத்தை விட்டாள். "என்னை அம்மாவிட்டை விடாட்டில் பேந்து எல்லாரும் இருந்து அழுவியள், பாருங்கோ."

அவள் நினைத்தது இதைத்தான்: பிள்ளை பிறந்த பிறகு ஒருவர் கையிலும் கொடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பேன். ஆனால் வசனத்தில் அது இல்லையே. வசனம் வசனமாகவே வீட்டுக்குள் கிடந்தது.

அடுத்த கிளினிக்கில் அவளைப் பார்த்தவர் டொக்டர் சீலா. மிஷன் பள்ளிக்கூடத்துக் குடும்பம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிற சாதி. அந்த நாட்களில் குடாநாட்டில் அலரி என்கிற அரளியின் நச்சு விதையைச் சாப்பிட்டுவிட்டு ஆசுபத்திரிக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். முக்கால்வாசிப்பேர் இளம் பிள்ளைகள். வீட்டில் ஒரு சண்டை, பள்ளிக்கூடச் சோதனையில் ஒரு பெயில், அவ்வளவு போதும். அவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்பதில்தான் டொக்டருக்கு இரவு பகல் யோசனை.

"அலரி சாப்பிட்ட ஆக்களின்ரை இரத்தம் என்னட்டை இருக்குப் பிள்ளை. சாப்பிடாத ஆக்களின்ரையும் வேணும், ஒப்பிட்டுப் பாக்க. கொஞ்சம் தாறீரோ?"

"எடுங்கோ டொக்டர். ஆனால் உப்பில்லாத இரத்தம். உதவுமோ தெரியாது."

டொக்டர் சிரித்துக்கொண்டே ஊசியை ஏற்றினார். அந்த இரத்தம் மற்ற இரத்தங்களோடு ஐஸ் பெட்டிக்குள் அடைபட்டு ரயிலில் கொழும்புக்குப் போயிற்று.

அங்கே செய்வது உண்மையில் அலரியைத் தேடுகிற சோதனை அல்ல. இருதய வருத்தக்காரருக்குக் கொடுக்கிற ஒரு குளிசை இரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது என்று அளக்கிற சோதனை. அந்தக் குளிசையும் அலரி நஞ்சும் ஒன்றுக்கொன்று சொந்தம். ஒன்றைத் தேடி வலை போட்டால் மற்றதும் அகப்படும். இவ்வளவு நீளக் கதையை வார்ட்டில் யார் சொல்லிக்கொண்டிருப்பது? எல்லாரும் சுருக்கமாக "அலரி ரெஸ்ற்" என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தப் பேர்தான் வினையாய் முடிந்தது.

வார்ட்டில் அற்றென்டன் என்கிற எடுபிடி வேலை பார்த்தவன் அருட்பிரகாசம், கதிரவேலுவின் பெரியம்மா மகன். நல்ல மனிதன். சொந்தக்காரருக்கு ஒன்றென்றால் சோற்றுக் கோப்பையை விட்டு எழும்பி ஓடுவான். ஓடுவதற்கு முதல் முழுவதையும் கேட்டுக்கொள்ளமாட்டான் என்பது ஒன்றுதான் குறை.

அன்றைக்கு அவன் டொக்டரின் அறைக்கு வெளியே நிலம் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே டொக்டர் டெலிபோனில் பெரிய சந்தோசமாய்க் கத்தினார். "கேட்டீரே புதினம்! அந்தப் புத்தூர்ப் பிள்ளைத்தாச்சி, குணலட்சுமி, அவவின்ரை இரத்தத்திலையும் அலரி இருக்கு!"

அடுத்த வசனத்துக்கு அருட்பிரகாசம் நிற்கவில்லை. துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினான். புத்தூரில் வெங்காயப் பாத்திக்குள் நின்ற கதிரவேலுவின் கையைப் பிடித்து இழுத்தான்.

"தம்பி, பதறாதை. உன்ரை மனுசி அலரி ரெஸ்ற்றிலை அம்பிட்டிட்டா."

கதிரவேலு வரம்பிலேயே இருந்துவிட்டான். வீட்டுக்குள் கிடந்த அந்த வசனம் அவனுக்கு இப்போது வேறு மாதிரிக் கேட்டது.

"இப்ப நடமாடுறாதானே? அப்ப கொஞ்சமாய்த்தான் சாப்பிட்டிருக்கிறா" என்றான் அருட்பிரகாசம். "ஒண்டும் கேட்டுப்போடாதை. கேட்டால் ரோசத்திலை திருப்பிச் செய்வினம். நான் வார்ட்டிலை பாக்கிறன்தானே. அன்பாய் வைச்சிரு. தனிய விடாதை. விளங்குதே?"

இதொன்றும் குணலட்சுமிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், ஒருநாள் விடிய எழும்பினால் வீட்டில் எல்லாரும் தேனாய் மாறியிருந்தார்கள் என்பதுதான்.

மீனின் நடுத்துண்டு கதிரவேலுவின் கோப்பையிலிருந்து இடம்பெயர்ந்து அவளுடைய கோப்பைக்கு வந்தது. கிணற்றடிக்குப் போனால் நல்லம்மாவும் கூடவே வந்தாள். "எனக்கும் குளிக்கவேணும் பிள்ளை" என்றாள். இப்போதுதான் குளித்து, ஈரத்தலையோடு நிற்கிறாள். கதிரவேலு தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற வேலையைப் பக்கத்துக் காணி மார்க்கண்டரிடம் விட்டுவிட்டு வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் ஒரு பின்னேரம் கோடரியை எடுத்து, வேலியோரம் பூத்துச் சொரிந்துகொண்டு நின்ற மஞ்சள் அலரி இரண்டையும் அடியோடு தறித்தான்.

"ஏன் தறிக்கிறியள்?"

"வெளிச்சத்தை மறைக்குது."

"வேலிக்கு என்னத்துக்கு வெளிச்சம்?"

"வேலிக்கில்லை. உமக்கு."

மறுநாள் காலை வைரவர் கோயில் ஐயர் பூக்கூடையோடு வந்து, தறித்த அடிக்கட்டையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி செய்துபோட்டாய்? சுவாமிக்கு நான் எதை வைக்கிறது?"

"செவ்வரத்தை வையுங்கோ ஐயா."

"வைரவரையே கேக்காமல் மாத்திப்போட்டியள்!"

குணலட்சுமி யன்னலுக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது. இவர்கள் இப்படிக் கண்கொத்திப் பாம்பாய்ச் சுற்றுவது எதற்கென்று அவள் தனக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். உப்புக்குத்தான். அம்மா அனுப்புகிற பச்சை மாங்காயை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோய், கடதாசிச் சரைக்குள் ஒளித்து வைத்திருந்த உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு அவள் இடைக்கிடை தின்றுகொண்டிருந்தாள். கறுத்தக்கொழும்பான் மாங்காய். பல் கூசும், கண் மூடும், அந்த உப்பில் நாக்குக்கு உயிர் வரும். பாவம் என்று தெரிந்துதான் தின்றாள். ஆனாலும் தின்றாள்.

ஒருநாள் கதிரவேலு அவளருகே வந்து இருந்து, வெகுநேரம் நகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "இஞ்சாரும், நீர் கேட்டபடி கொடிகாமத்துக்குப் போவம். அம்மாவோடையே இரும். நான் கொண்டுபோய் விடுறன்."

"மெய்யே?"

"மெய்தான். உமக்குச் சந்தோசம்தானே? சந்தோசமாய் இருக்கிறீர்தானே?"

"ஓம்."

"வடிவாய் யோசிச்சுச் சொல்லும்."

கேட்டது கிடைத்துவிட்டது. குணலட்சுமி அன்றைக்கே சீலைகளை மடித்து வைக்கத் தொடங்கினாள். மனம் நிறைந்துபோயிருந்தது. ஆனால் சீலையை மடிக்க மடிக்க, இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றி உப்பைத் தின்கிறேனே என்று நெஞ்சு குறுகுறுத்தது.

கதிரவேலு சொன்ன அலரிக் கதை நல்லம்மாவை வேறு பக்கத்தால் தின்றுகொண்டிருந்தது. பின்னேரத் தேத்தண்ணி நேரம், அருட்பிரகாசமும் வந்து வாங்குப் பலகையில் இருந்தான். அதற்குமேல் அடக்க நல்லம்மாவால் முடியவில்லை.

"பிள்ளை, நான் உன்னைப் பெறாட்டிலும் உனக்குத் தாய்தான். ஒளிக்காமல் சொல்லு. நீ ஏதேன் சாப்பிட்டனியே?"

அருட்பிரகாசம் கண்ணால் எவ்வளவோ சாடை காட்டினான். பயனில்லை. குணலட்சுமி பிடிபட்டுவிட்டேன் என்று தலையைக் குனிந்தாள்.

"ஓம் மாமி. சாப்பிட்டனான்."

கதிரவேலுவின் கையிலிருந்த கோப்பை சரிந்து தேத்தண்ணி அவன் உடுத்திருந்த சாரத்தில் கொட்டியது. அவன் துடைக்கவும் இல்லை.

"எவ்வளவு?"

"பாதிக் காய்தான் மாமி."

"பாதிக் காயோ!"

"முந்தியொருக்கால் முழுக் காயும்."

"முந்தியுமோ! என்ரை வைரவரே!"

"ஆசையாய்க் கிடந்துது மாமி. நான் என்ன செய்யிறது?"

"எங்காலை எடுத்தனீர்?" கதிரவேலு அலறினான். "நான்தானே எல்லாத்தையும் தறிச்சுப்போட்டன்!"

குணலட்சுமி அவனைப் புதினமாய்ப் பார்த்தாள். "நீங்கள்தானே கொடிகாமத்தாலை கொண்டுவந்து தந்தனீங்கள்."

"நானோ?"

அருட்பிரகாசம் துள்ளி எழும்பினான். "தம்பி, அவவோடை வாதாடாதை. அறளை பெயர்ந்து கதைக்கிறா. நஞ்சு தலைக்கேறினால் உப்பிடித்தான். ஓடிப்போய்க் காரைப் பிடி!"

பொன்னம்பலத்தாரின் பழைய சோமசெற் காரில் எல்லாரும் ஏறினார்கள். முன்னுக்கு அருட்பிரகாசம். பின்னுக்குக் குணலட்சுமியை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் தாயும் மகனும். நல்லம்மா அவள் கையை விடாமல் அழுதுகொண்டு வந்தாள். கார் கிடங்குகளில் விழுந்து எழும்பி ஓட, குணலட்சுமிக்கு வெட்கமும் எரிச்சலும் ஒன்றாய் வந்தன.

"ஊரிலை ஆரும் மாங்காய் திண்டதுக்கு ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடுறதே?"

நல்லம்மாவின் அழுகை நின்றது. "என்ன காய்?"

"மாங்காய். உப்பும் தூளும் தொட்டு. அதைத்தானே கேட்டனீங்கள்?"

"மாங்காயோ!"

அருட்பிரகாசம் முன்னுக்குப் பார்த்தபடியே, தனக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "அப்ப இரத்தத்திலை நிண்ட அலரி?"

"என்ன அலரி?"

நல்லம்மா சீலைத் தலைப்பைப் பார்த்தாள். கதிரவேலு வெளியே பார்த்தான். அப்போதுதான் குணலட்சுமிக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து விழுந்தது. தறித்த அலரி, ஈரத்தலையோடு குளிக்க வந்த மாமி, மீன் துண்டு, கொடிகாமம் போவம் என்ற சொல். தான் விட்ட அந்த வசனம்.

"இந்தப் பிள்ளையை வயித்திலை வைச்சுக்கொண்டு நான் அப்பிடிச் செய்வன் எண்டு நினைச்சியளே?"

கதிரவேலு அவள் பக்கம் திரும்பினான். "நினைக்க விருப்பமில்லை. ஆனால் நீர் சாப்பிடேல்லையெண்டால் இரத்தத்திலை எப்பிடி வந்துது?"

தன் இரத்தத்துக்குள் இருப்பது தனக்கே தெரியாமல் இருக்கிறதே என்று நினைக்க, குணலட்சுமிக்கு அழுகை முட்டியது. அவள் அழவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஆசுபத்திரிவரைக்கும் வந்தாள்.

டொக்டர் சீலா முழுக் கதையையும் கேட்டுவிட்டு முதலில் அருட்பிரகாசத்தைத்தான் பார்த்தார்.

"துடைப்பம் நடு வழியிலை கிடந்தது உம்மாலைதானோ? தடக்கி விழப் பாத்தன்."

"நீங்கள் சொன்னதை என்ரை காதாலை கேட்டனான் டொக்டர்."

"பாதியைக் கேட்டிருக்கிறீர். மிச்சப் பாதி இஞ்சை கிடக்கு." அவர் குணலட்சுமியைக் கட்டிலில் இருத்தி, நாடியைப் பிடித்துப் பார்த்தார். "பிள்ளை, நீர் அலரி சாப்பிடேல்லை. எனக்குத் தெரியும். உம்மடை இரத்தத்திலை நிக்கிறது உம்மடை உடம்பு தானே செய்தது."

பிறகு டொக்டர் கதிரவேலுவைப் பார்த்தார்.

"தம்பி, உமக்குத் தோட்டம் இருக்கெல்லே? வாட்டர் பம் இருக்கெல்லே?"

"ஓம் டொக்டர்."

"அது மாதிரி உடம்பிலை ஒவ்வொரு சின்னக் கலத்துக்கும் ஒரு பம் இருக்கு. உள்ளுக்கு வாற உப்பை ராப்பகலாய் வெளியிலை இறைக்கிறதுதான் அதின்ரை வேலை. அலரி என்ன செய்யுதெண்டால், போய் உந்தப் பம்மின்ரை வாயைப் பொத்துது. இருதயம் திண்டாடிப்போகும். ஆனால் புதினம் என்னெண்டால், அலரி மாதிரியே ஒண்டை எங்கடை உடம்பும் துளித்துளியாய்ச் செய்யுது போலை கிடக்கு. உப்புக் கூடினால், பிள்ளைத்தாச்சியாய் இருந்தால், அது கொஞ்சம் கூடுதெண்டு சொல்லினம். கொழும்புச் சோதனைக்கு இது வேறை, அது வேறையெண்டு பிரிக்கத் தெரியாது. அகப்பட்டதை அலரியெண்டு சொல்லிப்போட்டுது."

"அதாலை பிள்ளைக்கு ஏதேனும்?" என்று கேட்டாள் குணலட்சுமி.

"அந்தத் துளி ஒண்டும் செய்யாது. ஆனால் இரத்தக்குழாயின்ரை சுவரிலையும் உந்தப் பம் இருக்கு. அங்கை இறைப்புக் குறைஞ்சால் உப்புத் தங்கும், குழாய் இறுகும். குழாய் இறுகினால் பிரஷர் ஏறும். உப்பைக் குறையும் எண்டு நாங்கள் கத்துறதுக்கு உதுவும் ஒரு காரணமாய் இருக்கலாம். இருக்கலாம் எண்டுதான் சொல்லுறன். வெளிநாட்டிலை பெரிய பெரிய ஆக்களே இன்னும் சண்டை பிடிச்சுக்கொண்டுதான் இருக்கினம்."

"அப்ப இவவுக்குள்ளை ஒரு அலரி மரம் நிக்குதெண்டு சொல்லுறியளோ?" என்றான் கதிரவேலு.

"உமக்குள்ளையும் ஒரு சின்னக் கண்டு நிக்கும் தம்பி. உம்மடை அம்மாவுக்குள்ளையும்."

நல்லம்மா தன்னையறியாமல் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள்.

டொக்டர் பட்டியைச் சுற்றிப் பிரஷரைப் பார்த்தார். ஏறித்தான் இருந்தது. "உந்தக் காரிலை வந்தால் ஆருக்கும் ஏறும்" என்று சொல்லிக் கொஞ்சநேரம் படுக்க வைத்துத் திரும்பவும் பார்த்தார். இறங்கியிருந்தது. "ஆனாலும் பிள்ளை, பெறுமட்டும் ஆசுபத்திரிக்குக் கெதியாய் வரக்கூடிய இடத்திலை இரும். பாலம் கடக்கிற அலுவல் வேண்டாம். மாங்காய் எவ்வளவும் தின்னலாம். உப்புத்தான் கூடாது."

அதே காரில்தான் எல்லாரும் திரும்பி வந்தார்கள். புத்தூர்ச் சந்தி தெரிகிற நேரம் குணலட்சுமி வாய் திறந்தாள்.

"கொடிகாமத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னியளெல்லே. அந்தச் சொல்லைத் திருப்பி எடுங்கோ."

"டொக்டர் சொன்னதுக்காகவோ?"

"அதுக்காக இல்லை. நான் செத்துப்போவன் எண்ட பயத்திலை தந்த சொல்லு எனக்கு வேண்டாம். எனக்கு அம்மா பக்கத்திலை நிக்கவேணும். அவ்வளவுதான். அதை நான் இப்ப கேக்கிறன், சும்மா கேக்கிறன். தாறதெண்டால் சும்மா தாங்கோ."

கதிரவேலு அலரி தறித்துக் கொப்புளித்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். "நான்தான் பிழை" என்றான். "உம்மைக் கேக்காமல் உவன்ரை கதையைக் கேட்டன்."

முன்னுக்கு இருந்த அருட்பிரகாசத்துக்கு இருமல் வந்தது.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லவேண்டாம்" என்றாள் நல்லம்மா. "சம்பந்தி எங்கடை படலையைத் திறக்கமாட்டன் எண்டவ. சரி. நான் போய் அவவின்ரை படலையைத் திறக்கிறன். வாவெண்டு கையைப் பிடிச்சால் வராமல் விடுவாவோ? ஓடு போடாத வீட்டிலை இருந்துகொண்டு அவவுக்கு ரோசம், ஓடு போட்ட வீட்டிலை இருந்துகொண்டு எனக்கு ரோசம். இடையிலை இந்தப் பிள்ளை உப்பில்லாமல் கிடக்கு."

"ஊர் கதைக்கும் அம்மா. சம்பந்தி வீட்டிலை வந்து நிண்டு பேறு பாக்கிறா எண்டு."

"கதைக்கட்டும். எங்கடை வேலியிலை அலரி இல்லை எண்டும் இப்ப கதைக்கினம்தானே."

சொன்னபடி நல்லம்மா பஸ் ஏறிப் போனாள். பாலத்தடியில் இறக்கி நிறுத்தினார்களாம். வெயிலில் நின்றாளாம். கொடிகாமத்தில் என்ன கதை நடந்ததென்று இரண்டு சம்பந்திகளும் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் போகும்போது ஒருத்தியாய்ப் போன மனுசி வரும்போது இரண்டு பேராய் வந்தாள். கூடவே ஒரு சாக்கு மாங்காய்.

பத்மாவதி படலையைத் திறந்து உள்ளே கால் வைத்தாள். மகளின் வயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கன்னத்தைத் தடவினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு கதை எடுக்கவேண்டுமே என்பதற்காக வளவைச் சுற்றிப் பார்த்தாள். கல்யாணம் பேசுகிற காலத்தில் அவளுடைய புருசன் இந்த வீட்டை வந்து பார்த்துவிட்டுப் போய் அடையாளம் சொல்லியிருந்தார்.

"வேலியிலை ரெண்டு அலரி நிக்கிற வீடெண்டெல்லோ அவர் சொன்னவர். அலரி எங்கை?"

நல்லம்மா மாங்காய்ச் சாக்கை அவிழ்ப்பதில் கவனமானாள். கதிரவேலு கையைப் பின்னால் ஒளித்தான். குணலட்சுமிக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள்.

"அது இப்ப எனக்குள்ளை நிக்குது அம்மா."

"விசரி" என்றாள் பத்மாவதி. ஒன்றும் விளங்காமலே அவளுக்கும் சிரிப்பு வந்தது.

நல்லம்மா சாக்கிலிருந்து நல்லதாய் ஒரு காயைத் தெரிந்து, தோல் சீவி, கீற்றுக் கீற்றாய் வெட்டிக் கொண்டுவந்து நீட்டினாள். உப்பு இல்லை. தூளும் இல்லை. குணலட்சுமி ஒரு கீற்றைக் கடித்தாள். பல் கூசியது, கண் தானாய் மூடிக்கொண்டது.

"எப்பிடி?" என்று கேட்டான் கதிரவேலு.

"புளிக்குது" என்றாள் அவள். அடுத்த கீற்றுக்குக் கையை நீட்டினாள்.